இடது மூலைக்காரன்

கல்லுமலைத் தோட்டம், அக்கரப்பத்தனை
13 ஆகஸ்ட் 1961

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டோம். இருமல் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று நான் கேட்பதற்கு முன்னால் உங்கள் கண் இந்த ஒரு வார்த்தையைத்தான் தேடும். அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். இனி ஆறுதலாகப் படியுங்கள்.

நுவரெலியா டவுன் கூடைப்பந்துப் பையன்கள் நம் ஆட்களைவிட உயரம். முதல் பாதியில் நாம் பின்னால்தான் இருந்தோம். இவர், உங்கள் மச்சான், இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டார். வீரய்யாவும் இராமையாவும் சொல்லி வைத்த மாதிரி ஒருவர் கைக்கு ஒருவர் கொடுத்து ஆடினார்கள். ஆனால் பிற்பாதியில் மூன்று பேருக்கும் இரைத்தது. ஆண்டியப்பனும் நீங்கள் முன்பே றொசல்லையில் பார்த்து வைத்து, ஆஸ்பத்திரியில் இருந்து எழுதி வரவழைத்த அழகுமுத்துவும்தான் ஓடி ஓடி மீட்டார்கள். அந்தப் பையனுக்குப் பதினேழு வயதுதானாம். கால் தரையில் படுவதே தெரியவில்லை.

நம் தோட்டத்துப் பெண்களும் லொறியில் வந்திருந்தார்கள். கொழுந்து எடுக்கிற வீரம்மா, முதுகில் கட்ட வேண்டிய கூடையைக் கம்பத்தில் கட்டி, அதற்கும் அடியை அறுத்துவிட்டு, அதில் எதை நிரப்பப் போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஆட்டத்துக்கு முன்னால், மே மாதம் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஐந்து பேரையும் வாசித்தார்கள். "செபமாலை" என்றதும் அழகுமுத்து கையைத் தூக்கி "இருக்கேன்" என்றான். நீங்கள் எழுதிச் சொல்லிக் கொடுத்தபடிதான். புதுப் பேர் சேர்க்க முடியாது, ஐந்து பேருக்கு மேல் துரை லீவு தரவும் மாட்டார், வேறு வழியில்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஜூன் மழையில் மண் சரிந்து செத்துப் போன ஒருவன் பேரை அத்தனை பேர் முன்னால் கூப்பிட, அதற்கு ஒரு வாய் பதில் சொன்னது கேட்க நன்றாக இல்லை. இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே கட்டியிருந்தது.

சின்னிக்குப் பல் முளைக்கிறது, இரவெல்லாம் சிணுங்கல். இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மருந்தைத் தவறாமல் குடியுங்கள்.

அன்புத் தங்கை
பவுலின்


வார்டு 4
20 ஆகஸ்ட் 1961

பவுலினுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ரயில்வேயில் இருந்தவர், பந்தையே பார்த்ததில்லை. இருந்தாலும் கை தட்டினார்.

என் கடிதங்களை அடுப்புப் புகையில் காட்டிவிட்டுத்தான் நீ பிரிக்கிறாய் என்று போன வாரம் வந்த மச்சான் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கோபமில்லை. காசநோய்க்காரன் தொட்ட காகிதம், பிள்ளை இருக்கிற வீடு. ஆனால் கருகின காகிதத்தை வாசிக்க முடியவில்லை என்று என்னிடம் திரும்பக் கேட்காதே.

இனி விஷயம். கஸ்பர் மச்சான், வீரய்யா, இராமையா மூன்று பேரும் முப்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் கண்ணால் ஆடுகிறார்கள். பந்து எங்கே வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் மூச்சு இல்லை. சின்னவர்கள் இரண்டு பேரிடமும் மூச்சு இருக்கிறது, கண் இல்லை. பழையவர்களை உட்கார வைக்கச் சொன்னால் டீம் உடையும். புதியவர்களைப் பழையவர்கள் மதிக்காவிட்டால் டீம் தோற்கும். நான் அங்கே இருந்தால் நாளுக்கு ஒரு சண்டை தீர்த்து இதைச் சமாளிப்பேன். இப்போது நீதான் என் கண்ணும் வாயும். நான் எழுதுவதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. படித்த பெண் சொன்னால் கேட்பார்கள்.

பேர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆட்டத்தின் நடுவில் யாராவது "அழகு" என்று கத்திவிட்டால் எல்லாம் போச்சு, டீமையே தள்ளிவிடுவார்கள். ஆகையால் இன்றிலிருந்து ஆட்டத் தரையில் மட்டுமல்ல, லயத்து வீடுகளில், பெக்டரியில், தண்ணீர்ப் பீலியில், எங்கும் அவனை யாரும் சொந்தப் பேரால் கூப்பிடக் கூடாது. செபமாலை என்றே கூப்பிடட்டும். நவம்பர் கடைசி ஆட்டம் வரைக்கும்தான்.

செபமாலை உயிரோடு இருந்தால் சிரித்திருப்பான். தன் பேருக்கு இத்தனை கிராக்கியா என்று.

அண்ணன்
பத்திநாதன்


கல்லுமலைத் தோட்டம்
17 செப்டம்பர் 1961

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது. முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். பீலியடியில் பெண்கள் "ஏ செபமாலை, குடத்தைத் தூக்கி விடு" என்பார்கள். பிறகு சிரிப்பது நின்றுவிட்டது. இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கூட அவன் செபமாலை அண்ணன்தான்.

அண்ணே, அவன் வலது கைக்காரன். வந்த அன்று வலது கையால்தான் எறிந்தான், நானே பார்த்தேன். இப்போது இடது கையால் போடுகிறான். எறிவதற்கு முன்னால் உள்ளங்கையைத் தொடையில் இரண்டு தரம் தேய்க்கிறான். யார் அப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பையன், போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கு வந்து, தண்ணீர் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த இடம் யாருடையது என்றும் உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்டேன், யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று. "எதை அக்கா?" என்றான். கள்ளமில்லாத முகம். போகும்போது சின்னியின் கன்னத்தைத் தட்டி "வர்றேன்டி சுண்டெலி" என்றான். சின்னியைச் சுண்டெலி என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒருவர்தான். ஜூனுக்குப் பிறகு அந்த வார்த்தையை இந்த வீட்டில் நாங்கள் சொன்னதில்லை.

மூத்தவர்கள் மூன்று பேரும், செபமாலை எப்போதும் நிற்கிற அந்த இடது மூலைக்குப் பந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவன் ஆளில்லாமல் நின்றாலும் கொடுப்பதில்லை. ஆண்டியப்பன்தான் கொடுக்கிறான், அவனும் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் பெரட்டு மாதிரி வரிசையாகப் பேர் கூப்பிடுகிற வழக்கத்தை நீங்கள்தானே ஏற்படுத்தினீர்கள். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்கிற ஆட்களுக்கு அந்த ஒழுங்குதான் புரியும் என்றீர்கள். அன்று பனி மூடிக் கம்பமே தெரியவில்லை. நான் பிள்ளையோடு படியில் உட்கார்ந்திருந்தேன். பையன் என் காலடியில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். இவர் பேர்களைக் கூப்பிட்டு வந்தார். "செபமாலை" என்றார். இடது மூலையில் இருந்து "இருக்கேன்" என்று கேட்டது. தெளிவாக, கொஞ்சம் சிரிப்போடு.

பையன் அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி "இருக்கேன்" என்றான்.

இவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

நான் படித்தவள்தான். பிள்ளை பெற்றவளும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பவுலின்


வார்டு 4
25 செப்டம்பர் 1961

பவுலின்,

பெக்டரிச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. பனி நாளில் குரல் அதில் பட்டுத் திரும்பும். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன். பதிலுக்கு முன்னால் எதிரொலி வந்தது என்று நீ எழுதுகிறாய். பிள்ளை முழிக்க வைத்த தலைக்கு முன்னும் பின்னும் மாறித் தெரிவது அதிசயமில்லை.

மூத்தவர்கள் பந்து கொடுக்காததற்குக் காரணம் பொறாமை. எந்த டீமிலும் இது உண்டு. தங்கள் கூட்டாளியின் இடத்தில் நேற்று வந்தவன் நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பேய், பிசாசு என்று பேர் வைத்துக்கொள்கிறார்கள். மச்சானிடம் சொல், நவம்பரில் கோப்பை வேண்டுமென்றால் இடது மூலைக்குப் பந்து போக வேண்டும்.

ஆனால் நீ எழுதிய மற்றதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இடது கையா? தொடையில் தேய்க்கிறானா? பந்தோடு மச்சான் திரும்புவதற்கு முன்னால் பின்பக்கம் வெட்டி ஓடுகிறானா? அதைப் பார்த்துச் சொல். செபமாலை அப்படி ஓடுவான். அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடிந்ததில்லை.

அப்படி ஓடுகிறான் என்றால், தங்கச்சி, இத்தனை வருஷம் நான் தேடியது கிடைத்துவிட்டது. பழையவனின் கண்ணும் சின்னவனின் மூச்சும் ஒரே உடம்பில். நான் யாரையும் உட்கார வைக்க வேண்டியதில்லை.

அது எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்காதே.

பத்திநாதன்


கல்லுமலைத் தோட்டம்
22 அக்டோபர் 1961

அண்ணனுக்கு,

அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், அப்படித்தான் ஓடுகிறான். எதிர் டீம்காரர்கள் ஆட்டம் முடிந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நம் ஆட்கள் ஒருவரும் தட்டவில்லை. சந்தோஷம்தானே.

இனி என் பேச்சைக் கேளுங்கள்.

புதன்கிழமை அவன் தாய் காளியாயி றொசல்லையில் இருந்து வந்தாள். ரயிலிலும் பஸ்ஸிலுமாக, பிறகு நடந்து, மழையில் நனைந்து வந்திருந்தாள். மகனுக்குப் பிடிக்கும் என்று பலாக்கொட்டை வறுத்துத் துணியில் முடிந்திருந்தாள். லயத்தில் போய் அழகுமுத்து எங்கே என்று கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவரும் இங்கே இல்லையே என்று ஒரு சிறுமி சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லவில்லை, அதற்கு உண்மையிலேயே தெரியாது. பிறகு வீரம்மாதான் அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

பையன் என் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். காளியாயி சிரித்துக்கொண்டு எதிரில் போய் நின்றாள். அவன் கோடரியைக் கீழே வைத்தான். மரியாதையாக, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்றான்.

அவள் விளையாடுகிறான் என்று நினைத்து அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவன் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான், பைத்தியக்காரியிடம் அகப்பட்டவன் போல. முடிச்சை வாங்கிக்கொண்டான். "நல்லா இருக்குங்க" என்று மற்றவர்களுக்கும் பங்கு கொடுத்தான்.

அவளை அடுப்படியில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "ஏம்மா, படிச்ச புள்ள நீ, சொல்லு. என் புள்ள பேரை யாரு எடுத்தா?"

என்ன சொல்ல அண்ணே? என் அண்ணன் ஒரு கோப்பைக்காக எடுத்தார் என்றா? சின்னியை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நாளைக்கு என் பிள்ளை என்னைப் பார்த்து, யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டால்?

இரவுச் சாப்பாட்டின்போது இவர் வாய் திறந்தார். பொறாமை என்று நீங்கள் எழுதியதை அன்றே வாசித்துக் காட்டியிருந்தேன். அதற்கு இப்போதுதான் பதில் சொன்னார். தோட்டத்தில் ஆள் செத்தாலோ போனாலோ பேர் வெட்டுவார்கள், வெட்டாத பேரை எந்தக் கணக்கப்பிள்ளையும் பெரட்டில் கூப்பிடுவான் என்றார். "பேர் வெட்டலைன்னா அவனுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். வேலை இருக்கிறவன் வரத்தானே செய்வான்? நாங்க அவனுக்குப் பந்து குடுக்கக் குடுக்க அந்தப் பையன் கொறைஞ்சுக்கிட்டே போறான். அதனாலதான் குடுக்கல."

வெட்டிவிடுங்களேன் என்றேன். பதிந்த கைதான் வெட்டணும் என்றார்.

பதிந்த கை உங்களுடையது. அந்தப் பட்டியலில் இருப்பவன் செத்துவிட்டான், எங்களிடம் நாலு பேர்தான் என்று போட்டி நடத்துகிறவர்களுக்கு நீங்களே எழுதிவிடுங்கள். கோப்பை போனால் போகட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

பவுலின்


வார்டு 4
28 அக்டோபர் 1961

பவுலின்,

எழுத மாட்டேன்.

செபமாலையை மடத்து வாசலில் இருந்து நான் கூட்டி வந்தபோது அவனுக்கு ஏழு வயது. தாய் தகப்பன் இல்லை. பேர்கூட மடத்தில் வைத்ததுதான். பழைய தகரத்தை வளைத்துச் சுவரில் அடித்து, கந்தைத் துணிப் பந்தால் நான் அவனுக்கு எறியப் பழக்கினேன். இந்த டீம் என்று ஒன்று வந்ததே அவனுக்காக. உனக்கு இது தெரியும், மச்சானுக்குத் தெரியும். அவன் மேல் மண் விழுந்த வாரம் நான் இங்கே ரத்தம் துப்பிக்கொண்டு கிடந்தேன். அவனைப் புதைத்ததை நான் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை.

நான் பார்க்காத ஒன்றை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகாது. கோப்பை முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தன் பேரைச் சொல்லித் தாயிடம் சாப்பிடுவான். செபமாலை கடைசி ஆட்டம் ஆடட்டும். எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். டாக்டர் முகத்தைப் பார்த்தால் அடுத்த வருஷத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்று தெரிகிறது.

நீ குறுக்கே நின்றால் எனக்குத் தங்கை இல்லை. இந்தக் கடிதத்துக்குப் புகை காட்டத் தேவையில்லை. அப்படியே அடுப்பில் போடு.

பத்திநாதன்


கல்லுமலைத் தோட்டம்
20 நவம்பர் 1961

அண்ணே,

தங்கை இல்லை என்று சொன்னாலும் எழுதுகிறேன். அடுப்பிலும் போடவில்லை.

சனிக்கிழமை ஹட்டனில் கடைசி ஆட்டம். காலையிலிருந்தே பனி. பையனை என் பக்கத்தில் உட்கார வைத்து, சின்னியை அவன் மடியில் கொடுத்து, அசையாதே என்று சொல்லி வைத்தேன். இவரிடம் முதல் நாளே பேசிவிட்டேன். வீரய்யாவும் இராமையாவும் சம்மதித்துவிட்டார்கள். ஆண்டியப்பன் மட்டும் அழுதான், அவனுக்கு அது முதல் கோப்பை.

பேர் வாசித்தார்கள். செபமாலை என்றதும் பையன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். என் பிடிக்குள் அந்தக் கை இடது பக்கமே இழுத்தது. இவர் முன்னால் போய், "செபமாலை இறந்துட்டாருங்க. ஜூன்ல" என்றார். அப்படியானால் இதுவரை ஆடியது யார் என்று மத்தியஸ்தர் கேட்டார். இவர் மறைக்கவில்லை. பெரிய சத்தம் வந்தது, பிறகு அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எதிர் டீம் கப்டன்தான், பார்க்க இத்தனை சனத்தைக் கூட்டி வந்துவிட்டோம், நாலு பேரோடு ஆடட்டும், தோற்றால் சரி, ஜெயித்தால் கோப்பை கிடையாது என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஆக, ஒன்றுக்கும் இல்லாத ஆட்டம்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணே. இதை உங்கள் மனசைத் தேற்றுவதற்காக எழுதவில்லை. மூன்று கிழவர்களும் ஒரு பையனுமாக அப்படி ஆடினார்கள். ஆண்டியப்பனுக்கு ஒவ்வொரு பந்தும் போயிற்று. இரைத்தபோது வீரய்யா தானே நின்று, அவனை ஓடச் சொல்லிக் கை காட்டினார்.

அதைவிட ஒன்று. நமக்கு நாலு பேர். அவர்களுக்கு ஐந்து. ஆளுக்கு ஒருவரை மறித்தால் அவர்களிடம் ஒருவன் மிச்சம் இருக்க வேண்டும். இருக்கவில்லை. அவர்களில் ஒருவன் ஆட்டம் முழுவதும் நம் இடது மூலையை விட்டு அசையவில்லை. இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் நகர்ந்து, யாரையோ போகவிடாமல் மறித்துக்கொண்டே நின்றான். அவனுடைய கப்டன் அவனைத் திட்டினார். அவன் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு கப்டன் திட்டவில்லை.

ஒரு கூடையால் தோற்றோம்.

பின்னேர ரயிலில் பையனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நான் றொசல்லைக்குப் போனேன். காளியாயிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். இறங்கியபோது எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனி. மேடையின் அந்தக் கோடியில் இருந்து அவள், "அழகுமுத்து" என்று கூப்பிட்டாள். பையன் சின்னியைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் சும்மா நின்றான். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல.

மறுபக்கம், தண்டவாளத்துக்கு அப்பால் இருந்து, "இருக்கேன்" என்று பதில் வந்தது.

அவள் அந்தப் பக்கம் ஓடுகிற காலடி கேட்டது. நான் பையனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேடை விளிம்பில் காலடி நின்றது. பிறகு அவள் பேசினாள். சண்டை போடுகிற குரல் இல்லை, பசித்து வந்த பிள்ளையிடம் பேசுகிற குரல். "என் புள்ளையக் கூப்பிட்டா 'என்னாயி'ம்பான். நீ யாரு பெத்த புள்ளையோ. ஏம்ப்பா குளிர்ல நிக்கிற? உன்னைய வளத்தவுக யாரோ அவுககிட்டப் போய்ச் சொல்லிக்கிட்டு, அப்புறம் போ. இவன் எனக்கு ஒத்தப் புள்ள."

அவள் எங்கள் பக்கம் திரும்பி இன்னொரு தரம் கூப்பிட்டாள். பையனுக்கு உடம்பு குலுங்கியது. சின்னியை என் கையில் கொடுத்தான். "என்னாயி" என்றான், தூங்கி எழுந்தவன் மாதிரி. பிறகு அழுதான், சின்னப் பிள்ளை அழுகிற அழுகை. வலது கையால் கண்ணைத் துடைத்தான்.

அவன் வீட்டில் இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறானாம். நம் தோட்டத்தில் யாருடைய பேரும் அவனுக்குச் சரியாக ஞாபகமில்லையாம், என் பேர் உட்பட.

அவள் யாரிடம் போகச் சொன்னாள் என்று உங்களுக்குப் புரியும். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உடனே போடுகிறேன். உங்களுக்குப் பயமாக இருந்தால் என்னை வரச் சொல்லுங்கள். பிள்ளையை வீரம்மாவிடம் விட்டுவிட்டு வருவேன்.

பவுலின்


வார்டு 4
1 டிசம்பர் 1961

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வர வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்த அன்று நாள் முழுவதும் உன் மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் நாலு பேர் ஆடிய ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆண்டியப்பனை ஓடவிட்டு வீரய்யா நின்றார் என்று எழுதியிருக்கிறாய். நான் எட்டு வருஷமாகச் சொல்லியும் அவர் செய்யாதது அது. அவர்களிடமே இருந்திருக்கிறது. அதற்குச் செத்தவனை நான் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

நேற்றுக் காலை சாளரத்துக்கு வெளியே பனி. வார்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் யாரோ உள்ளங்கையைத் துணியில் தேய்க்கிற சத்தம் கேட்டது. இரண்டு தரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் முடியாது என்று தெரிந்திருந்தது.

எழுந்து உட்கார்ந்து, அடுத்த வருஷத்து டீமை வாய்விட்டுச் சொன்னேன். கஸ்பர். வீரய்யா. இராமையா. ஆண்டியப்பன். அழகுமுத்து, அவன் வந்தால். பிறகு, "செபமாலை, உன் பேரை வெட்டிட்டேன்டா. நல்லா ஆடினே. போய் ஓய்வெடு" என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை, பவுலின். பதிலும் இல்லை, காலடியும் இல்லை. தாள் எடுத்துப் போட்டிக்காரர்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ கேட்டது அதுதானே.

பத்து மணிக்குக் கஞ்சி வந்தபோது பக்கத்துக் கட்டில் ரயில்வேக்காரர் என்னிடம் கோபமாகப் பேசினார். விடியற்காலையில் கதவடியில் ஒரு பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றானே, அவ்வளவு தூரம் உங்களைப் பார்க்க வந்தவனை உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றார்.

அண்ணன்
பத்திநாதன்